வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கிய விஸ்வேஸ்வரய்யா



செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் தின வாழ்த்துகள் உங்கள் வாட்ஸ்அப்பில் வரிசையாக வந்து விழும். கூடவே மைசூர்த் தலைப்பாகை அணிந்த ஒரு பெரியவரின் படமும் வரும். அவர்தான் சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா. அவர் பெயரைக் கேட்டதும் கிருஷ்ணராஜ சாகர் அணை உங்கள் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு முன்பே, வெள்ளத்தில் சிதைந்த ஒரு பெருநகரத்தைக் காக்க அவர் வழி சொல்லியிருக்கிறார். மழைக்காலம் நெருங்குவதால் அந்தக் கதையை இந்த இதழில் பார்ப்போம்.

சிக்கபள்ளாபூர் அருகே முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தபடியே பெங்களூரில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு புனேயில் பொறியியல் படித்து, 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். புனே அருகே கடக்வாஸ்லா ஏரியில் வெள்ளம் வரும்போது தானாகவே திறந்துகொள்ளும் மதகுகளை 1903-இல் பொருத்தினார். அவருடைய பெயர் பரவ அது ஒரு காரணமாயிற்று.

1908 செப்டம்பர் 28 அன்று ஹைதராபாதில் மூசி ஆறு பெருக்கெடுத்தது. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. சுமார் 15,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அஃப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தில் ஏறிக்கொண்ட 150 பேர் வரை உயிர் பிழைத்தார்கள். அந்த மரம் நிற்கும் இடம் இப்போது உஸ்மானியா மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் விஸ்வேஸ்வரய்யா அரசுப் பணியிலிருந்து விலகி வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார். நிஜாம் அரசு அவரை அழைத்தது. 1909-இல் ஹைதராபாத் வந்து வேலையைத் தொடங்கினார்.

நீங்களோ நானோ என்றால் நகருக்குள் ஆற்றின் கரையை உயர்த்தச் சொல்லியிருப்போம். அவர் முதலில் பார்த்தது நகரத்துக்கு மேலே இருந்த நிலத்தை. உள்ளூரில் பழைய மழைக்கணக்கு போதாததால் பிற மாகாணங்களின் கணக்குகளையும் திரட்டினார். மூசியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 788 ஏரிகள் இருந்தன. ஏறக்குறைய ஒரு சதுர மைலுக்கு ஓர் ஏரி. அந்த மழையில் அவற்றில் 221 உடைந்திருந்தன. மேலே ஓர் ஏரியின் கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் கீழே உள்ள ஏரியில் பாயும், அதுவும் தாங்காமல் உடையும். வானத்திலிருந்து விழுந்த மழையோடு, ஏரிகளில் தேங்கியிருந்த நீரும் சேர்ந்து நகரத்தின் மேல் இறங்கியது.

ஆகவே நகருக்குச் சில மைல் மேலே, மூசியின் குறுக்கே ஒன்றும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஒன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டும்படி அறிக்கை கொடுத்தார். பெருவெள்ளம் வரும்போது அதன் உச்சத்தை நீர்த்தேக்கம் வாங்கிவைத்துக்கொள்ளும். நகருக்குள் ஆறு தாங்கக்கூடிய அளவு தண்ணீரை மட்டும் மெல்ல மெல்லத் திறந்துவிடலாம். நகருக்குள் கரைகளை உயர்த்துவது, ஆற்றோரம் பூங்காக்கள் அமைப்பது, பாதாளச் சாக்கடை போடுவது ஆகியவையும் அவருடைய யோசனைகளில் இருந்தன.

அறிக்கையைக் கொடுத்துவிட்டு 1909-லேயே மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். அணைகளைக் கட்டி முடித்தவர்கள் வேறு பொறியாளர்கள். மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920-இலும், ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927-இலும் முடிந்தன. வெள்ளத்துக்காகக் கட்டிய இரண்டும் நகரத்துக்குக் குடிநீரும் கொடுத்தன.

அவர் 1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்தார். 1955-இல் பாரத ரத்னா பெற்றார். 1960-இல் தம் நூற்றாண்டு விழாவைத் தாமே கண்டார். 1962-இல் காலமானார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நீர்த்தேக்கங்களுக்குத் தண்ணீர் வரும் பகுதியில் கட்டடங்கள் பெருகாமலிருக்க, 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு அரசு 1996-இல் கட்டுப்பாடு விதித்தது. அது தேவையா, இல்லையா என்ற வாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. 2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் ஹைதராபாதின் பல்லே செருவு, குர்ரம் செருவு ஆகிய ஏரிகளின் கரைகள் உடைந்து, கீழே இருந்த குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 112 ஆண்டுகள் கழித்தும் ஏரி உடைந்துதான் ஊர் மூழ்கியது. நீர்த்தேக்கம் கட்டினால் மட்டும் போதாது, ஏரியும் கரையும் வாய்க்காலும் வருடாவருடம் பராமரிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பருவநிலை மாறி, சில மணி நேரத்திலேயே பெருமழை கொட்டித் தீர்க்கும் காலம் இது. பசுமைக் கட்டடம் என்றால் சூரிய மின்தகடும் வெளிர்நிறச் சாயமும் மட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. மழைநீர் நிற்கவும் இறங்கவும் வெற்றிடம் விடுவதும் அதில் சேர்த்திதான். வாகனம் நிறுத்த வசதி என்று மிச்சமிருக்கும் மண்தரைக்கும் சிமென்ட் போடச் சொல்லி யாராவது கேட்டால், ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்தத் தண்ணீர் வேறெங்கும் போகாது. தரைத்தளத்தில் இருக்கும் வீட்டுக்குள்தான் போகும்.

மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நம் மொட்டைமாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியே இறங்குகிறது, எந்த வடிகாலில் சேர்கிறது, அது கடைசியில் எந்த ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது என்று நடந்தே பாருங்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியில் எங்கே அடைத்திருக்கிறது என்று குறித்துச் சங்கத்தில் கொடுத்தால், மழை பிடிப்பதற்குள் சரிசெய்துவிடலாம்.