மணியோசையும் மழலையரும்
(புனித பிரான்சிஸ் சவேரியார் வாழ்க்கை)

டிசம்பர் திங்கள் பிறந்துவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கத்தோலிக்கச் சிறுவரின் கைகள் சும்மா இருப்பதில்லை. வண்ணத்தாளில் விண்மீன் வெட்டுவோர் சிலர். வைக்கோல் பரப்பிக் குடில் அமைப்போர் சிலர். விவிலியக் கதைகளைக் கையாலும் வாயாலும் பயிலும் இம்முறையை எண்ணும்போது, ஏறத்தாழ 480 ஆண்டுகட்கு முன் தமிழகக் கடற்கரையில் சிறுவரைக் கூட்டிக் கற்பித்த ஓர் ஆசிரியர் நினைவுக்கு வருகிறார். அவரே புனித பிரான்சிஸ் சவேரியார்.

பிறப்பும் கல்வியும்

சவேரியார் 1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நவார் நாட்டில் உயர்குடியொன்றில் பிறந்தார். அந்நாட்டின் அப்பகுதி இன்று ஸ்பெயினைச் சேர்ந்தது. 1525இல் பாரிசுப் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று, அங்கேயே தத்துவமும் கற்பித்தார். பெயரும் புகழும் தேடிச் சென்ற இளைஞரின் மனத்தை லயோலா இஞ்ஞாசியாரின் நட்பு மாற்றியது. 1534 ஆகஸ்டு 15இல் நண்பர் எழுவர் இறைபணிக்குத் தம்மை ஒப்படைத்தனர். அவருள் சவேரியாரும் ஒருவர். 1541இல் லிஸ்பனில் கப்பலேறியவர், 13 மாதப் பயணத்திற்குப் பின் 1542 மே 6இல் கோவா சேர்ந்தார்.

முத்துக்குளித்துறையில்

அவ்வாண்டின் பிற்பகுதியில் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவர் சில ஆண்டுகட்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்தம் மொழியில் கற்பிப்பார் இலராதலால், தாம் கிறிஸ்தவர் என்பதற்குமேல் அவர்கள் ஒன்றும் அறியாதிருந்தனர். பாரிசில் தத்துவம் கற்பித்த பேராசிரியருக்கோ தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் என் செய்தார்?

இரு மொழியும் அறிந்தாரைத் துணைக்கொண்டு, பல நாள் உழைத்து, செபங்களைத் தமிழாக்கினார், மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிச் சென்றார். மணியோசை கேட்டுச் சிறுவர் கூடினர். நாள்தோறும் இருமுறை, ஒரு திங்கள் அளவும் பாடம் நடந்தது. அவர் சொல்லச் சிறுவர் திருப்பிச் சொல்லினர். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிப்பது அச்சிறுவர்க்கு இட்ட பணி. நோயுற்றோர் பலர் அழைத்தபோது, தமக்கு மாற்றாகச் சிறுவரையே செபிக்க அனுப்பினார். மாணவனை ஆசிரியனாக்கிய இவ்வுத்தி, இன்றைய செயல்வழிக் கல்வி போற்றும் உத்தியன்றோ!

ஒரு சொல்லின் திருத்தம்

நம்பிக்கை அறிக்கையின் முதல் மொழிபெயர்ப்பில், நம்புகிறேன் என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்ற சொல் புகுந்துவிட்டது. கடவுளை நம்புவது வேறு, வேண்டும் என்பது வேறு என உணர்ந்த சவேரியார், அதனை நீக்கி ‘விசுவாசம்’ என்னும் சொல்லை இடும்படி தம் உடன்பணியாளர் மான்சிலாசுக்கு மடல் எழுதினார். குழந்தையின் வாயில் புகும் ஒரு சொல்லும் பிழைபடலாகாது என்ற கவலை அது.

நிறையும் குறையும்

1544இல் வடுகர் படையெடுப்புக்கு அஞ்சிய மக்கள் குமரிமுனைப் பாறைகளில் உணவும் நீருமின்றித் தவித்தனர். சவேரியார் 20 தோணிகளுடன் உதவிக்குப் புறப்பட்டார். எதிர்க்காற்று வழிமறித்தும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

எனினும் வாழ்க்கை வரலாறு புகழ்மாலை மட்டுமன்று. பிறர் வழிபட்ட சிலைகளைச் சிறுவரைக் கொண்டு உடைப்பித்ததையும் அவரே தம் மடலில் எழுதியுள்ளார். அக்கால ஐரோப்பியச் சமயப்பற்று அதனைத் தொண்டெனக் கருதியது. பல சமயத்தார் அடுத்தடுத்து வாழும் நாட்டில் நாம் அதனை ஏற்க இயலாது. மழலையர் கையில் ஆக்கும் தொழிலையே தரவேண்டும். அழிக்கும் தொழிலைத் தரலாகாது.

இறுதி நாட்கள்

மலாக்கா, மொலுக்காத் தீவுகள் எனச் சுற்றிய சவேரியார், 1549 ஆகஸ்டு 15இல் ஜப்பானின் காகோசிமாவை அடைந்தார். சீனம் செல்லும் வேட்கையோடு சாங்சுவான் தீவில் காத்திருந்தபோது நோயுற்று, 1552 டிசம்பர் 3இல் 46ஆம் வயதில் மறைந்தார். அவருடல் கோவாவில் உள்ளது. 1622இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் தொடங்கிய தமிழ்ப்பணியை அன்ரீக்கே அடிகளார் வளர்த்தார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அதன் கனி.

நமக்கு ஒரு பாடம்

தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் நம்முடையது. ஆலைப்பணி நாடி வந்தோரின் குழந்தைகள் இன்னும் பல மொழிகளைக் கொண்டு வருகின்றனர். சமயமாயினும் அறிவியலாயினும், குழந்தை வீட்டில் பேசும் மொழியைத் தேடிச் செல்லாத பாடம் அதன் நெஞ்சைத் தொடாது. நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவ நண்பர்களே! குழந்தை நம் மொழிக்கு வரும்வரை காத்திராது, முதலில் நாம் அதன் மொழிக்குச் செல்வோமாக!