வைத்தியர் ஆன்ரி கூத்தார்

மிடற்றுப் புற்றுநோய் கொண்டவர்க்கு முன்னாளில் இரண்டே வழிகள் இருந்தன: நோயை அதன் போக்கில் விட்டு உயிரிழத்தல்; கத்திக்குத் தொண்டையைக் கொடுத்துக் குரலிழத்தல். 1873-ஆம் ஆண்டின் கடைசி நாளில் வியன்னா நகரத்து இரணவைத்தியர் பில்ரோத் ஒருவரது குரல்வளையை முழுதும் அறுத்தெடுத்தார். தொடக்க காலத்தில் அச்சிகிச்சைக்கு உட்பட்டோரில் பலர் பிழைத்திலர். ஜெர்மானியச் சக்கரவர்த்தி மூன்றாம் பிரெடெரிக், அரசேறி 99 நாட்களே ஆண்டு, 1888-இல் இந்நோய்க்கே இரையானார். இவ்விரண்டும் அல்லாத வேறொரு வழியைத் திறந்தவர் பிரெஞ்சு வைத்தியர் ஆன்ரி கூத்தார். அவர் சரிதையைச் சிறிது கூறப் புகுகின்றோம்.

கூத்தார் 1876-இல் பிரான்சு தேசத்துச் சார்த் மாகாணத்திற் பிறந்தார். முதல் மகாயுத்தத்திற்குப் பின் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் எக்ஸ் கிரண சிகிச்சை அவர் பொறுப்பாயிற்று. மேரி கியூரி அம்மையார் பௌதிகப் பகுதிக்குத் தலைமை தாங்கிய அந்நிலையத்தில், உயிர்நூற் பகுதிக்குத் தலைவராயிருந்தவர் குளோதியுஸ் ரெகோ என்னும் பேரறிஞர்.

கிரணமோ நோயென்றும் நல்ல தசையென்றும் பாராது. ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்து வைத்தியர் முழு அளவையும் ஒரே வேளையிற் பாய்ச்சுதலே தக்கதென்றனர். தொண்டையில் அவ்வாறு செய்தபோது, புற்று அழிந்தவிடத்தும் குரல்வளையின் குருத்தெலும்பு அழுகுதல் உண்டு. ரெகோ ஆட்டுக்கடாக்களிடத்துச் சோதனை செய்தார். விந்தணுக்களை உண்டாக்கும் உறுப்பில் அணுக்கள் புற்றினைப்போல ஓயாது பெருகுவன. அதனை மூடிய தோலோ இயல்பான தசை. ஒரே வேளையிற் பாய்ச்சிய கிரணம் தோலைப் புண்ணாக்காமல் ஆட்டை மலடாக்க இயலவில்லை. அதனையே பல நாட்களுக்குப் பகுத்துக் கொடுத்தபோது ஆடு மலடாயிற்று, தோல் பிழைத்தது. ஆட்டுக்கடா மனிதர்க்கு ஆசிரியனாயிற்று என்று சொல்லின் மிகையாகாது!

இவ்வுண்மையை மனிதர் மிடற்றிற்குப் பொருந்தச் செய்தவர் கூத்தாரே. மெலிந்த கிரணத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக, பல வாரங்கள், நெடுநேரம் பாய்ச்சினார். வாயினுட் சவ்வு எப்போது வெளுத்துப் படலமிடுகின்றது, கழுத்துத் தோல் எப்போது உரிகின்றது, மீண்டும் எப்போது ஆறுகின்றது என்பவற்றை உற்றுநோக்கிக் கணக்கிட்டார். இடைவேளையில் நல்ல அணுக்கள் தம் பழுதைப் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். புற்றணுக்களுக்கு அவ்வாற்றல் குறைவு. அவருடைய பெருமை பொறுமையே என்பது நம் கருத்து. விரைவில் முடிப்பதே திறமையென்று பலர் எண்ணிய நாளில் அவர் காலத்தையே மருந்தாக்கினார். 1922-இல் பாரிஸில் கூடிய வைத்தியர் மகாநாட்டில், முற்றிய குரல்வளைப் புற்றும் பெருங்கேடின்றி இவ்வாறு நீங்கியதை அவரும் ஒத்தானும் எடுத்துக்காட்டினர். 1930-க்குப் பின் இம்முறை பல நாடுகளிலும் பரவியது.

பிற்காலத்தில் அவர் அமெரிக்கா சென்று சிக்காகோவிலும் கொலராடோவிலும் பணியாற்றினார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, 1950-இல் காலமானார்.

குரல்நாணில் முளைக்கும் தொடக்கநிலைப் புற்றுக்கு இன்றும் கிரணம் பல வாரங்களுக்குப் பகுத்தே அளிக்கப்படுகின்றது. கூத்தார் காலத்தில் கழுத்து முழுவதும் கிரணத்தில் நனைந்தது. இக்காலத்தார் கணினியின் துணையால் கிரணத்தின் வடிவத்தையே மாற்றி, மூளைக்கு இரத்தம் செலுத்தும் கழுத்துத் தமனிகளை விலக்கிச் செலுத்த வல்லவராயினர். நோய் நீங்கிப் பல்லாண்டு வாழ்பவர்க்கு அத்தமனிகள் தடித்துப் பக்கவாதம் நேராதிருத்தற்பொருட்டே இம்முயற்சி.