நோவா ஸ்கோசியாவின் யோசேப் ஹவ்

கனடா தேசத்தின் கீழ்க்கரையிலே அத்திலாந்திக் சமுத்திரத்தை நோக்கிக் கிடப்பது நோவா ஸ்கோசியா மாகாணம். அதன் தலைநகராகிய ஹலிபாக்ஸில் 1804ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 13ஆந் திகதி பிறந்தவர் யோசேப் ஹவ். தந்தையார் அச்சுத் தொழிலினர். மைந்தர் பாடசாலையிற் கற்றது சொற்பம். இளமையிலேயே அச்சுக்கூடத்துட் புகுந்து, எழுத்துக் கோத்தும் கையிற் கிடைத்த நூல்களைப் படித்துமே அறிவு பெற்றார். பின்னர் "நோவாஸ்கோசியன்" என்னும் பத்திரிகையை வாங்கி நடத்தலானார்.

1835ஆம் ஆண்டு தைத் திங்கள் முதலாந் திகதி அப்பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. நகர நீதவான்மாரும் பொலிசாரும் 30 ஆண்டுகளாக ஏழை மக்களிடம் பணம் பறித்து வந்தனர் என்பதே அதன் சாரம். ஹவ்மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. எழுதியது உண்மையெனக் காட்டினும் தப்ப இயலாதென்பது அக்காலச் சட்டம். அவர் நாடிய அப்புக்காத்துமார் யாவரும் கைவிரித்தனர். ஹவ் என் செய்தார்? அவர்களிடமே சட்டநூல்களை இரவல் வாங்கிப் படித்து, தாமே மன்றில் எழுந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வாதாடினார். அவதூறே என்று பிரதம நீதியரசர் எடுத்துரைத்தும், யூரிமார் பத்து நிமிடத்தில் அவர் குற்றவாளியல்லரெனத் தீர்த்தனர். (அந்நீதியரசரின் மைந்தர் 1840இல் ஹவ்வைத் துவக்குச் சண்டைக்கு அழைத்தார். அவர் சுட்ட குண்டு தவறவே, ஹவ் வானத்தை நோக்கிச் சுட்டு விட்டுத் திரும்பினார்.)

அடுத்த ஆண்டிலே சட்டசபைக்குத் தெரிவானார். அந்நாளில் மாகாணத்தை ஆண்டது பன்னிருவர் கொண்ட ஒரு சபை. அவர்கள் மக்களால் தெரியப்பட்டவரல்லர். கூடுவதும் அடைத்த கதவுக்குள்ளே. 1837இல் மற்றைக் கனடாப் பகுதிகளிலே ஆயுதக் கலகம் எழுந்தது. ஹவ் அவ்வழியை வெறுத்தார். பேச்சும் எழுத்துமே அவர் படைக்கலம். 1848இல் சட்டசபையின் நம்பிக்கை பெற்ற மந்திரிசபை அங்கே அமைந்தது. கடல்கடந்த பிரித்தானியக் குடியேற்ற நாடுகளுள் பொறுப்பாட்சி பெற்றது அதுவே முதலாவது. ஒரு துளி இரத்தமும் சிந்தப்படவில்லை. புகையிரதப் பாதை அமைத்ததும், 1860 முதல் 1863 வரை முதலமைச்சராயிருந்ததும் பின் நிகழ்ந்தவை.

இனித்தான் சிக்கல். 1867இல் மக்களைக் கேளாமலே மாகாணம் கனடாக் கூட்டாட்சியில் இணைக்கப்பட்டது. ஹவ் எதிர்த்தெழுந்தார். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் மாகாணத்துக்குரிய 19 ஆசனங்களுள் 18 எதிர்ப்பாளர் வசமாயின. ஹவ் இலண்டன் சென்று முறையிட்டார். அங்கே செவிசாய்ப்பார் இல்லை. எஞ்சிய வழிகள் இரண்டு: கலகம், அல்லது அமெரிக்காவுடன் சேர்தல். இரண்டும் அவர் மனத்துக்கு ஒவ்வாதவை. ஆகவே மாகாணத்துக்குக் கூடிய பணவுதவி பெற்றுக்கொண்டு, 1869இல் கனடா மந்திரிசபையிற் சேர்ந்தார்.

நேற்றுவரை அவரைத் தோளிற் சுமந்தோர் துரோகி என்றனர். யான் அவ்வாறு கொள்ளேன். கிடைக்கக் கூடியதைக் கேட்டுப் பெற்றவர் துரோகியாகார். ஆயினும் மந்திரிப் பதவியை அவர் மறுத்திருப்பாராயின், பெற்ற பணவுதவி பதவிக்கு விலைபோலத் தோன்றியிராது. அந்தப் பிழை அவருடையதே. பதவியேற்றதனால் மீண்டும் தேர்தலில் நிற்க நேர்ந்தது. மாரிக் குளிரிலே ஊரூராய்ப் பேசித் திரிந்து வெற்றி பெற்றார். உடல்நலமோ பின் திரும்பவில்லை.

1873 வைகாசியில் மாகாணத்தின் தேசாதிபதியாக நியமிக்கப்பட்டார். முன்னொரு காலத்தில் எந்தத் தேசாதிபதிமாரோடு ஓயாது போராடினாரோ, அவர்கள் வாழ்ந்த அதே மாளிகையிற் குடிபுகுந்தார். மூன்று வாரங்களுக்குள், ஆனி முதலாந் திகதி, அங்கேயே உயிர் நீத்தார்.