உறையுள் தந்த மருத்துவர்: டாக்டர் சி. நடேசனார்

பழைய வண்ணாரப்பேட்டையில் 1950ஆம் ஆண்டு தோன்றிய சர் தியாகராயா கல்லூரியின் பெயரை வட சென்னையில் அறியாதார் இலர். கொருக்குப்பேட்டையில் 1852ஆம் ஆண்டு நெசவாளர் குலத்தில் பிறந்து, கைத்தறிக்கூடம் நடத்தி, நாற்பதாண்டுக்காலம் சென்னை மாநகராட்சியில் வீற்றிருந்த வெள்ளுடை வேந்தர் பிட்டி தியாகராயரின் பெயரை அக்கல்லூரி தாங்கி நிற்கிறது. ஆனால், அத்தியாகராயரை ஓர் இயக்கத்தின் தலைவராக்கிய நிகழ்ச்சிகளைப் பின்னோக்கித் தேடிச் செல்வோமாயின், அவை நம்மைக் கொருக்குப்பேட்டைக்கோ தண்டையார்ப்பேட்டைக்கோ இட்டுச் செல்வதில்லை. திருவல்லிக்கேணியில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் வீட்டுத் தோட்டத்திற்கும், அவர் நடத்திய சிறிய மாணவர் விடுதிக்கும் இட்டுச் செல்கின்றன. அம்மருத்துவரே டாக்டர் சி. நடேச முதலியார். நடேசனார் என்று அன்பர்களால் அழைக்கப்பெற்றவர்.

திருவல்லிக்கேணியில் 1875ஆம் ஆண்டு பிறந்த நடேசனார் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். தெலுங்கு நாட்டிலே பிட்டாபுரம் அரசர் கல்லூரியில் சிலகாலம் ஆசிரியப் பணி புரிந்தார். பின்னர்ச் சென்னைக்குத் திரும்பி, கார்டன் உட்ராஃப் என்னும் ஆங்கில வணிக நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார். அதன் பின்னரே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், மருத்துவர் என மூன்று தொழில்களை ஒருவர் அடுத்தடுத்து மேற்கொண்டது நிலையின்மை போலத் தோன்றலாம். பிற்கால வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்குங்கால் மூன்றும் பயன்பட்டமை புலனாகும். மாணாக்கரின் மனம் அவருக்குத் தெரியும். ஒருவர் கருத்தை மற்றொருவர்க்கு விளங்க வைக்கவும் தெரியும். நோய் எங்கே உள்ளதெனக் கண்டறியவும் தெரியும்.

அவர் கண்டறிந்த நோய் யாது? அந்நாளைய சென்னை மாகாணத்தில் கல்வியும் அரசுப்பணியும் பெரிதும் ஒரு சிறு வகுப்பினரிடமே குவிந்திருந்தன. 1914ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவர்களுள் பிராமணர் 452 பேர். பிராமணரல்லாத இந்துக்கள் 124 பேர். எஞ்சிய சமயத்தாரும் வகுப்பாரும் 74 பேர். மாகாண மக்கள் தொகையில் பிராமணர் நூற்றுக்கு மூவர் அளவினரே. அக்கால நீதித்துறையை நோக்கினும், மாவட்ட முன்சீப்புகள் 128 பேருள் 93 பேர் அவ்வகுப்பினர். இக்கணக்குகளை அரசியல் மேடைகளில் எடுத்துரைத்தோர் பலர். ஆனால், நடேசனாரின் கண் வேறோர் இடத்திற் பதிந்தது. ஊரில் நன்றாகப் படித்த பிள்ளை ஒருவன் கல்லூரியில் இடம் பெற்றுச் சென்னைக்கு வந்து இறங்குகிறான். அவன் எங்கே தங்குவான்? எங்கே உண்பான்? நகரத்து உணவு விடுதிகள் பல சாதி பார்த்தே இலை போட்டன. சில இடங்களில் பிற வகுப்பினர் உணவை வாங்கிச் செல்லலாமேயன்றி உள்ளே அமர்ந்து உண்ணுதல் இயலாது. உறவினர் இல்லாத நகரில், வாடகைக்கு அறை கிடைக்காமல், படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பியவர்களை எந்தக் கணக்கும் காட்டாது. 124 என்னும் எண்ணுக்குப் பின்னால் இவ்விடர்ப்பாடும் மறைந்திருந்தது.

1912ஆம் ஆண்டு, அரசு அலுவலகங்களில் பணியாற்றிய பிராமணரல்லாதார் சிலர் ஒன்றுகூடிச் 'சென்னை ஐக்கியக் கழகம்' என்றொரு சங்கத்தைத் தொடங்கினர். நடேசனார் அதற்கு உயிராய் அமைந்தார். கூட்டங்கள் அவர் இல்லத்துத் தோட்டத்திலேயே நடைபெற்றன. முதியோர்க்கு மாலை வகுப்புகள் நடத்துவதும், புதிதாய்ப் பட்டம் பெற்ற இளைஞர்களை ஆண்டுதோறும் அழைத்துப் பாராட்டுவதும் அச்சங்கத்தின் தொடக்கப் பணிகள். பட்டமளிப்பு விழா முடிந்தபின் பாராட்ட ஒருவருமில்லாமல் அறைக்குத் திரும்பும் மாணவனுக்கு, மாலையிட்டு வரவேற்கும் ஒரு கூட்டம் தன் பெயரைச் சொல்லி அழைப்பது சிறிய செய்தியன்று.

சங்கத்தின் பெயர் விரைவில் 'திராவிடர் சங்கம்' என மாறிற்று. இம்மாற்றம் ஊன்றி நோக்கத்தக்கது. 'பிராமணரல்லாதார்' என்பது எதிர்மறைச் சொல். தம்மை மற்றொருவரால் அளந்து சொல்லும் பெயர். தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளிகள் ஆகியோர் கூடிய அந்தத் தோட்டத்தில் எல்லார்க்கும் பொதுவானதொரு பெயர் தேவைப்பட்டது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தால் அறிஞரிடையே நிலைபெற்ற 'திராவிடம்' என்னும் சொல், மொழிநூலினின்றும் வெளியேறி மாணவர் நாவில் ஏறியது இவ்வாறே.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மெக்சிகோ வழிவந்த மாணாக்கர் 1969ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சாந்தா பார்பராவிற் கூடிய வரலாற்றை இதனோடு ஒப்பிட்டுக் காணலாம். பல்கலைக்கழகங்களில் தனித்தனியே இயங்கிய தம் மன்றங்களை அவர்கள் ஒரே பெயரின்கீழ் இணைத்தனர். இழிவாகக் கருதப்பட்ட 'சிக்கானோ' என்னும் சொல்லையே பெருமையோடு ஏற்றனர். 'அஸ்த்லான்' என்னும் தொன்மத் தாயகத்தின் பெயரையும் அமைப்பின் பெயரிற் சேர்த்துக்கொண்டனர். கடல் பல கடந்த நாட்டில், அரை நூற்றாண்டுக்குப் பின், அதே தேவை அதே வழியைக் கண்டது. வளாகத்தில் அயலாராய் உணரும் இளைஞர் முதலில் தேடுவது ஒரு பெயரையும் ஓர் அறையையும் போலும்.

அந்த அறையை நடேசனார் கட்டமைத்தார். 1912க்கும் 1916க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' எழுந்தது. வெளியூர்களிலிருந்து வந்த பிராமணரல்லாத மாணாக்கர் அங்கே தங்கி உண்டு பயின்றனர். உணவும் உறையுளும் தந்ததோடு நில்லாது, இல்லத்து மாணவர்க்கென ஓர் இலக்கியக் கழகத்தையும் நடேசனார் ஏற்படுத்தினார். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தார்க்கு இச்செய்தி தனிச்சுவை பயப்பதாகும். அரசியற் சங்கம் ஒன்று இலக்கியக் கழகம் வைத்திருந்ததை இன்று நாம் ஓர் அணிகலனாக எண்ணிவிடக் கூடும். அது அணிகலனன்று. அவையில் எழுந்து நின்று நாலு வார்த்தை கோவையாய்ப் பேச வராதவன், தேர்வில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும், நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் என்ன செய்வான்? படித்ததைச் சொல்லவும், சொன்னதை மறுப்பார்க்கு விடை கூறவும் பழகும் களம் அக்கழகமே.

அவ்வில்லத்திற் தங்கிப் பயின்றோருள் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியாரும், டி. எம். நாராயணசாமிப் பிள்ளையும் அடங்குவர். முன்னவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். தமிழிசை இயக்கத்திற்கும் துணை நின்றார். பின்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கினார். இவ்விருவரை மட்டும் கொண்டு இல்லத்தின் பயனை அளத்தல் பொருந்தாது. பெயர் விளங்காத பலரும் அங்கே ஒரு வேளைச் சோற்றுக்குக் கவலையின்றிப் படித்தனர் என்பதே அதன் முதற்பயன்.

சங்கத்தின் சார்பில் 1915ஆம் ஆண்டில் பிராமணரல்லாதார் கடிதங்களும், திராவிடப் பெருமக்களைப் பற்றிய நூலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஆயினும் ஒரு விடுதியும் சில நூல்களும் மாகாணத்தை அசைக்கமாட்டா என்பதை நடேசனார் உணர்ந்திருந்தார். மாகாணம் முழுதும் செல்வாக்குடைய தலைவர்கள் வேண்டும். அத்தகையோர் இருவர் நகரிலேயே இருந்தனர். ஒருவர் தியாகராயர், மற்றவர் மருத்துவ மேதை டி. எம். நாயர். இருவரும் அந்நாளில் காங்கிரசு நோக்கினர். இருவரும் மாநகராட்சி உறுப்பினர். மாநகராட்சி மன்றத்திலேயே ஒருவரோடொருவர் மாறுபட்டுப் பிணங்கியவர்கள். இவ்விருவரையும் ஒரே அவையில் அமர்த்தியது நடேசனாரின் அருஞ்செயல். திராவிடர் சங்கக் கூட்டங்களுக்கு இருவரையும் அழைத்து, பிணக்கினைத் தணித்து, பொதுநோக்கில் ஒன்றுபடுத்தினார். மலையாளியான நாயரும், தெலுங்கு பேசும் தியாகராயரும், தமிழரான நடேசனாரும் கைகோத்தனர். 1916ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏறத்தாழ முப்பதின்மர் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்திற்கு வித்திட்டனர். அடுத்த ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் 'ஜஸ்டிஸ்' ஆங்கில நாளிதழ் வெளிவந்தது. அவ்விதழின் பெயராலேயே கட்சி நீதிக்கட்சி ஆயிற்று. தமிழில் 'திராவிடன்', தெலுங்கில் 'ஆந்திரப் பிரகாசிகா' ஆகிய இதழ்களும் அதன் குரலாயின.

இதன்பின் வரலாறு தலைவர்களின் வரலாறாக விரிகின்றது. நடேசனார் சற்றே ஒதுங்கித் தெரிகின்றார். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி வென்றது. தியாகராயர் முதலமைச்சர் பதவியை ஏற்காது பிறர்க்கு விட்டார். நாயர் அதற்கு முன்பே, 1919இல், இலண்டன் மாநகரில் மறைந்துவிட்டார். நடேசனார் 1923இல் சட்டமன்றம் புகுந்தார். வகுப்புவாரி உரிமைக்காக அயராது வாதாடினார். அமைச்சர் பதவி ஒருபோதும் அவரைத் தேடி வரவில்லை. சமீன்தார்களும் பெருஞ்செல்வரும் நிறைந்த கட்சியில், மருத்துவத்தால் ஈட்டியதை மாணவர்க்குச் செலவிட்ட ஒருவர்க்கு முன்வரிசை கிட்டாமையில் வியப்பில்லை. ஆயினும், கட்சியின் மூலவரையே கட்சி பின்வரிசையில் அமர்த்தியது என்பதைச் சொல்லாமல் விடுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

நேர்மையோடு சொல்ல வேண்டியவை இன்னும் உண்டு. திராவிடர் இல்லம் ஆண்பிள்ளைகளின் இல்லம். 1914இல் கடற்கரைச் சாலையில் மகளிர்க்கெனத் தோன்றி, பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர்பெற்ற கல்லூரிக்குச் சென்ற பெண்மணிகள் அதன் இலக்கியக் கழகத்திற் பேசியிருக்க வாய்ப்பில்லை. நீதிக்கட்சி ஆட்சியிலேயே, 1921இல், சென்னை மாகாணப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. மற்றொன்று இதனினும் கடுமையானது. 'திராவிடர்' என்னும் பெயர் எல்லாரையும் அணைக்கும் பெயராக எழுந்தது. ஆனால் 1921ஆம் ஆண்டு பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது அவ்வணைப்பு தளர்ந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரும் பிற தொழிலாளரும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கட்சித் தலைமை ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை. மனம் வெதும்பிய எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். ஒரு கூரையின்கீழ் மாணவர்களை ஒன்றுபடுத்திய அதே கொள்கை, ஆலை வாயிலில் தொழிலாளரை ஒன்றுபடுத்த இயலாமற் போயிற்று. வட சென்னை மண் இதனை எளிதில் மறக்கக்கூடியதன்று.

1925ஆம் ஆண்டு ஏப்ரலில் தியாகராயர் மறைந்தார். மூவருள் எஞ்சிய நடேசனார் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1937ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உயிர்நீத்தார். அதே திங்களில் நடைபெற்ற தேர்தலில் நீதிக்கட்சி பெருந்தோல்வி கண்டது. அவர்தம் பெயரில் தியாகராய நகரில் ஒரு பூங்கா உண்டு. காலையில் அங்கே நடை பயில்வோருள் எத்தனை பேர் அப்பெயர் யாருடையதென அறிவரோ!

திராவிடர் இல்லம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. எனினும் அதன் வழிமுறை மாணவரிடையே வேர்கொண்டது. கும்பகோணம் அரசுக் கல்லூரி விடுதியில் வகுப்புக்கொரு தண்ணீர்ப்பானை வைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த இளைஞர்கள் 1943இல் திராவிட மாணவர் கழகம் கண்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நெடுஞ்செழியனும் அன்பழகனும் மாணவராய் இருந்தபோதே மேடைத் தமிழைத் தீட்டிக்கொண்டனர். பச்சையப்பன் கல்லூரி அண்ணாவை முன்னரே வளர்த்திருந்தது. 1949ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், இராயபுரம் இராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. கல்லூரி மன்றங்களில் பேசிப் பழகிய இளைஞர்கள் அந்த மேடையில் ஒருவர்பின் ஒருவராக எழுந்து பேசினர். கேட்க வந்த ஆலைத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் நனைந்தபடியே நின்றனர்.