கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் புரூஸ்டர் மரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினி அறிவியல் முன்னோடியும் கடற்படை அதிகாரியும் ஆவார். ஒரு முறை எழுதப்பட்ட நிரல் வெவ்வேறு வகைக் கணினிகளிலும் இயங்க வேண்டும் என்ற கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமையும் போர்க்காலமும்

நியூயார்க் நகரில் பிறந்த ஹாப்பர், வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று 1928இல் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகம் 1934இல் இவருக்குக் கணிதத்தில் முனைவர் பட்டம் வழங்கியது. வாசரில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இவர், இரண்டாம் உலகப் போரின்போது 1943 டிசம்பரில் கடற்படையின் சேமப் படையில் சேர்ந்தார். விதிகள் கோரிய உடல் எடை இல்லாததால் தனி விலக்குப் பெற வேண்டியிருந்தது. 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஐக்கனின் மார்க் 1 கணிப்பொறிக்கு நிரல் எழுதும் பணி இவருக்குக் கிடைத்தது. அக்கணிப்பொறிக்கான கையேட்டையும் எழுதினார்.

1947இல் மார்க் 2 கணிப்பொறியில் சிக்கியிருந்த விட்டில் பூச்சியைக் கண்டெடுத்தவர் இவரே என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. அதைக் கண்டெடுத்தவர்கள் பிறர்; இவர் அந்நிகழ்வைப் பலருக்கும் எடுத்துச் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். பிழையைப் பூச்சி என்று குறிக்கும் வழக்கு பொறியாளர்களிடையே அதற்கு முன்பே இருந்தது.

நிரல்மொழிமாற்றி

1949இல் எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்து யுனிவாக் கணினிக்காகப் பணியாற்றினார். அக்காலத்தில் நிரலாளர்கள் முன்பு எழுதிய துணைநிரல்களைக் கையால் படியெடுத்து, நினைவக முகவரிகளை மாற்றி எழுதிப் பயன்படுத்தினர். இதில் பிழைகள் மலிந்தன. இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் ஏ-0 என்ற நிரலை 1952ஆம் ஆண்டளவில் ஹாப்பர் உருவாக்கினார். காந்த நாடாவிலிருந்த துணைநிரல்களை எடுத்து ஒன்றுசேர்த்ததால் இது இன்றைய இணைப்பிக்கே நெருக்கமானது. எனினும் நிரல்மொழிமாற்றிகளின் வரலாறு வழக்கமாக இதிலிருந்தே தொடங்கப்படுகிறது.

அடுத்து, ஆங்கிலச் சொற்களால் கட்டளையிடக்கூடிய ஃபுளோ-மாட்டிக் என்ற மொழியை இவரது குழு உருவாக்கியது. கணக்கர்களும் படித்தறியக்கூடிய மொழி அது. ஆனால் யுனிவாக் கணினிகளுக்கென்றே அமைந்தது.

கோபோல்

1950களில் ஒவ்வொரு கணினி வகைக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி இருந்தது. புதிய கணினி வாங்கிய நிறுவனம், சம்பளப் பட்டியல், இருப்புக் கணக்கு முதலிய நிரல்களைப் பெரும்பாலும் முதலிலிருந்தே எழுத நேர்ந்தது. பல நிறுவனங்களின் கணினிகளை வாங்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இது பெருஞ்செலவு. 1959 மே மாதம் பென்டகனில் கூடிய கூட்டத்தின் விளைவாகக் கோபோல் மொழியை வடிவமைக்கும் குழுக்கள் அமைந்தன. ஹாப்பர் அம்முயற்சியின் தொழில்நுட்ப ஆலோசகர்களுள் ஒருவர். இவரைக் கோபோலின் தாய் என்பது மிகையே. மொழியை எழுதியவர்கள் ஜீன் சம்மெட் உள்ளிட்ட குழுவினர். ஆயினும் அதன் முதன்மை அடித்தளம் ஃபுளோ-மாட்டிக் ஆகும்.

கோபோல் நிரல் நான்கு பிரிவுகளை உடையது. கணினியைச் சார்ந்த விவரங்கள் சூழல் பிரிவில் தனியே ஒதுக்கப்பட்டன. செய்முறைப் பிரிவு கூடியவரை எக்கணினிக்கும் பொதுவாக இருந்தது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நிரல்மொழிமாற்றி இருந்தால் போதும், மூலநிரலை மாற்றி எழுத வேண்டியதில்லை. 1960 டிசம்பர் 6, 7 ஆகிய நாட்களில் இது மெய்ப்பிக்கப்பட்டது. டிரான்சிஸ்டர்களால் ஆன ஆர்.சி.ஏ. 501, பெரும்பாலும் வெற்றிடக் குழாய்களால் ஆன யுனிவாக் 2 ஆகிய இரு கணினிகளிலும் ஏறக்குறைய ஒரே கோபோல் நிரல் இயங்கியது.

சிக்கல் அத்துடன் தீரவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வசதிகளைச் சேர்க்க, கோபோலுக்கே பல வட்டார வழக்குகள் தோன்றின. 1966இல் ஓய்வுபெற்ற ஹாப்பரைக் கடற்படை 1967இல் ஆறு மாதத்திற்கென மீண்டும் அழைத்தது. அப்பணி பல ஆண்டுகள் நீண்டது. ஒரு நிரல்மொழிமாற்றி தரவரையறைக்கு உட்பட்டு நடக்கிறதா என்று கண்டறியும் சோதனை நிரல்களை இவரது குழு உருவாக்கியது. வரையறையை எழுதினால் மட்டும் போதாது, அது பின்பற்றப்படுவதைச் சோதிக்கவும் வேண்டும் என்பதே இவரது நிலைப்பாடு.

பிற்காலத்தில் இயக்குதளங்கள் பெருகியபோதும் இதே சிக்கல் தொடர்ந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறிமுறையில் எழுத்துகள் எண்களுக்கு முன் வரும். லினக்சு, விண்டோசு முதலியவற்றின் ஆஸ்கி முறையில் எண்களே முன் வரும். ஆகவே ஒரே கோபோல் மூலநிரலை இரண்டிலும் இயக்கினால் வரிசைப்படுத்திய பட்டியல் வேறுபடக்கூடும்.

இறுதிக்காலம்

1986 ஆகஸ்டில், 79ஆம் வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்றார். அதன்பின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். மின்சைகை ஒரு நானோநொடியில் செல்லக்கூடிய உச்சத் தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 செ.மீ. நீளக் கம்பித் துண்டுகளைத் தம் சொற்பொழிவுகளில் வழங்குவது இவரது வழக்கம். 1992 ஜனவரி 1 அன்று காலமான இவரது உடல் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 2016இல் அமெரிக்க அதிபரின் விடுதலைப் பதக்கம் இவருக்கு மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது.