ஒரே இரவில் 3 பிரசவ மரணங்கள்... வேலூர் சி.எம்.சி உருவானது எப்படி? யார் இந்த ஐடா ஸ்கடர்?

வேலூர் சி.எம்.சி தெரியாதவங்க தமிழ்நாட்டில் குறைவு. அதைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், தனது கடைசி நாட்களைக் கழித்தது கொடைக்கானலில்.

1870-ல் ராணிப்பேட்டையில், அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் ஐடா. அப்பா டாக்டர். ஆனா, ஐடாவுக்கு அந்த எண்ணமே இல்லை. உடல்நலம் சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் இளம் வயதில் திண்டிவனம் வந்திருந்தார்.

ஒருநாள் இரவு, பிரசவ வலியில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி 3 பேர் அடுத்தடுத்து வந்தாங்க. அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாதுன்னு மூவருமே மறுத்துட்டாங்க. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. அந்த 3 பெண்களும் இறந்துபோனார்கள்.

அதன்பிறகு அமெரிக்கா போய், 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் சிகிச்சையை ஆரம்பித்தார். 1902-ல் அது 40 படுக்கை மருத்துவமனை ஆனது.

சரி, ஒரே டாக்டர் எத்தனை பிரசவம் பார்க்க முடியும்? அதற்காகத்தான் 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வேலூருக்கு வர முடியாத கிராமத்து மக்களுக்கு, வண்டியில் போய் சாலையோரத்திலேயே சிகிச்சை கொடுத்தார். ஆண் மாணவர்கள் சேர்ந்தது 1947-ல்தான்.

கடைசிக் காலத்தில் கொடைக்கானல் வீட்டில் வாழ்ந்த ஐடா, 1960 மே மாதம் அங்கேயே காலமானார். வயது 89. அந்த இரவில் 3 வீடுகளுக்கும் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர். ஐடா போனபோது, அவர் தொடங்கிய பள்ளியில் படித்த பெண் டாக்டர்கள் பல ஊர்களில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாங்க.