மணலின் விதி கண்ட ஹென்றி டார்ஸி

விருதுநகரை அடுத்த மல்லாங்கிணறு, தன் பெயரிலேயே கிணற்றைத் தாங்கி நிற்கும் ஊர். மழை சுருங்கிய இக்கரிசற் சீமையில், மாலையில் வற்ற இறைத்த கிணறு விடியலில் மீண்டும் ஊறியிருத்தலை நாம் பலகாலும் கண்டிருக்கின்றோம். நிலத்தினுள் கண்ணுக்குப் புலனாகாது நடக்கும் அந்நீர் எவ்விதிக்கு அடங்கி நடக்கின்றது என்பதை அளந்து கூறியவர், பிரெஞ்சு தேசத்துப் பொறியியலறிஞர் ஹென்றி டார்ஸி ஆவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

டார்ஸி 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் டீஜோன் நகரிற் பிறந்தார். பதினான்காம் வயதில் தந்தையை இழந்தார். அன்னையார் அவரது கல்வி தடைப்படாது பேணினார். பாரிஸ் நகரில் பயின்று, அரசாங்கப் பொறியாளராய்ப் பிறந்த ஊருக்கே மீண்டார்.

அக்காலத்து டீஜோன் மக்கள் மாசுற்ற கிணற்று நீரையே பருகி வந்தனர். அது கண்டு வருந்திய டார்ஸி, ரோஸுவார் என்னும் ஊற்றிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மூடிய கால்வாய் அமைத்து, 1840-ஆம் ஆண்டில் நன்னீரைக் கொணர்ந்தார். இறைக்கும் பொறி யாதுமின்றி, நிலத்தின் சரிவொன்றாலேயே நீர் நகரடைந்தது. செல்வர் வறியர் என்னும் வேற்றுமையின்றித் தெருக்களில் யாவரும் முகந்தனர். இப்பெரும்பணிக்குத் தமக்குரிய ஊதியத்தை அவர் பெற மறுத்தார்.

பின்னர் உடல் நலிந்து அலுவலினின்று விலகியபோதும் அவர் ஓய்ந்திலர். நீரை வடிகட்டும் மணற்படுகைகளைச் செவ்வனே அமைக்க விரும்பி, 1855, 1856-ஆம் ஆண்டுகளில் டீஜோன் மருத்துவமனையில் ஓர் இரும்புக் குழாயை நிறுத்தி, அதில் மணல் நிரப்பி, நீரைச் செலுத்தி அளந்தார். மணலின் மேலும் கீழும் உள்ள நீரழுத்த வேறுபாடு மிகுந்தால் ஒழுகும் நீரும் அவ்வளவே மிகும்; மணலின் தடிப்பு மிகுந்தால் அவ்வளவே குறையும். இவ்வெளிய உண்மையே டார்ஸி விதியாம். டீஜோன் நகரின் பொது நீரூற்றுகளைப் பற்றி 1856-இல் அவர் வெளியிட்ட நூலின் பிற்சேர்க்கையில் இது அடக்கமாக இடம்பெற்றது.

பின்வந்தோர் இதனினும் நுணுகிச் சென்றனர். மணலினூடு புகும் நீர் ஒரே அணியாய்ச் செல்வதில்லை. துகள்தோறும் பிரிந்து, அகன்ற வழியில் விரைந்தும், குறுகிய வழியில் தயங்கியும், மீண்டும் கூடியும் செல்லும். ஆதலின் ஓரிடத்திற் கலந்த உப்போ சாயமோ நேர்கோடாய்ச் செல்லாது, இருபுறமும் பரந்து விரியும். ஒருவன் தன் நிலத்திற் கொட்டிய கழிவு அயலான் கிணற்றைச் சேர்வதும் இவ்வாறேயாம். அவ்வாராய்ச்சிக்கும் டார்ஸியின் விதியே அடிப்படை.

1858-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள், பாரிஸில் நுரையீரல் அழற்சியால் அவர் உயிர் நீத்தார். டீஜோன் நகரின் ஒரு சதுக்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிறியோர்க்கு ஒரு கலசம் தண்ணீர் ஈதலும் வீண்போகாது என்பது நம் ஆண்டவர் கற்பித்த நெறி. ஒரு நகருக்கே தண்ணீர் ஈந்து கூலி கொள்ளாத இப்பெரியாரை, கிணற்றின் அருமை அறிந்த நாம் மறத்தல் தகுமோ?